பெஞ்சின் கடைக்கோடி

கெரிங், நெப்ராஸ்கா
பிப்ரவரி 4, 1979

அன்புத் தம்பி வெர்லினுக்கு,

அக்கா ஆர்லிஸ் எழுதுகிறேன். இங்கே அப்பா, நான், புதிதாகப் பிறந்த கன்றுகள் எல்லோரும் சுகம். அந்த வரிசையில்தான் அப்பா அக்கறை காட்டுகிறார் என்று நினைத்துவிடாதே, கன்றுகள்தான் முதலில். வாசலில் பனி இடுப்பளவு. ஆனாலும் ஸ்கூல் பஸ்ஸை நிறுத்த மாட்டேன் என்கிறது நிர்வாகம். விடியற்காலை எஞ்சினைக் கெஞ்சிக் கிளப்பி, ஊர்ப் பிள்ளைகளை எல்லாம் பொறுக்கிக்கொண்டு போகிறேன். பின்சீட்டில் எவனாவது எவளையாவது அடித்துக்கொண்டே வருகிறான். என் தொண்டை போய்விட்டது.

போன வாரம் ஒரு கிடேரி அப்பாவின் முழங்காலில் உதைத்துவிட்டது. "வலிக்குதாப்பா?" என்றேன். "என்ன வலி? அதெல்லாம் ஒண்ணுமில்ல" என்கிறார். மாடிப்படி ஏறும்போது மட்டும் நடுவில் நின்றுவிடுகிறார். நான் பார்த்துவிட்டால், சுவரில் மாட்டியிருக்கும் காலண்டரைப் படிப்பதாகப் பாவனை. அது போன வருஷத்துக் காலண்டர்!

சரி, விஷயத்துக்கு வருகிறேன். கிறிஸ்துமஸுக்கு வந்தபோது காபிக் கோப்பையை வலது கையால் எடுத்தாய். கதவை வலது கையால் திறந்தாய். பிறந்ததிலிருந்து இடது கைக்காரன் நீ. வாசல் பனியை நான்தான் தள்ளினேன், நீ பார்த்துக்கொண்டு நின்றாய். சோம்பேறித்தனம் என்று அப்போது திட்டினேன். பஸ் ஓட்டும்போது யோசித்துப் பார்த்தேன், நீ சோம்பேறி இல்லையே!

கை எப்படி இருக்கிறது? மறைக்காமல் எழுது.

உன் அக்கா,
ஆர்லிஸ்

~

ரெட் கிரீக், ஓக்லஹோமா
பிப்ரவரி 18, 1979

அன்புள்ள அக்காவுக்கு,

உன் கடிதம் கிடைத்தது. நான் சுகம். நீயும் அப்பாவும் சுகமாக இருக்க வேண்டும். அப்பாவின் முழங்காலுக்கு வெந்நீர் ஒத்தடம் கொடு. வேண்டாம் என்பார், கொடு.

இங்கே பனி இல்லை, காற்றுதான். மைதானத்துச் செம்மண் எல்லாம் பறந்து வந்து பல்லில் உட்காருகிறது. இந்த வருஷம் எங்கள் பேஸ்பால் அணிக்கு, நான் எறிகிற பந்தைப் பிடிக்க, புது கேட்சர் வந்திருக்கிறான். ஒக்டாவியோ என்று பெயர், தெற்கு டெக்ஸாஸ்காரன். வாய் ஓயாது. எதிரணி ஆள் மட்டையோடு வந்து நின்றால், அவன் காதோரம் உட்கார்ந்து, "உங்கம்மா கேலரியில இருக்காங்களா? பாவம், இவ்ளோ தூரம் வந்து இதைப் பார்க்கணுமா?" என்று ஆரம்பித்துவிடுவான். அவன் சொல்லும் பந்தை எறிந்தால் போதும், நான் எதையும் யோசிக்க வேண்டாம்.

கோச் டார்வர் எப்போதும்போல. ஜூன் முதல் வாரம் பெரிய கிளப்புகள் கல்லூரிப் பையன்களைப் பொறுக்கி எடுக்கும்போது என் பெயர் முன்னால் வரும் என்கிறார். வேகம் அளக்கிற கருவியோடு கிளப் ஆட்கள் இரண்டு பேர் பயிற்சிக்கே வந்துவிட்டார்கள். கம்பி வலைக்குப் பின்னால் உட்கார்ந்து சூரியகாந்தி விதை கொறிக்கிறார்கள். ஒரு வார்த்தை பேசுவதில்லை.

சனி, ஞாயிறு அறைத்தோழன் ஊருக்குப் போய்விடுகிறான். ஞாயிறு ராத்திரி சாப்பாட்டுக் கூடம் கிடையாது. துணி துவைக்கிற கடையில் உட்கார்ந்து பிஸ்கட் சாப்பிட்டுக்கொண்டே மெஷின் சுற்றுவதைப் பார்ப்பேன். வெதுவெதுப்பான இடம், அதனால் போகிறேன்.

வேறு விசேஷம் இல்லை.

தம்பி,
வெர்லின்

~

கெரிங்
மார்ச் 4, 1979

அன்புத் தம்பிக்கு,

நாங்கள் சுகம். உன் பதிலில் கேட்சர் இருக்கிறான், கோச் இருக்கிறார், செம்மண் இருக்கிறது, துணி துவைக்கிற மெஷின்கூட இருக்கிறது. கை மட்டும் இல்லை. எங்கே வைத்துவிட்டு வந்தாய்?

ஒத்தடம் கொடுத்தேன். "தண்ணி ஏன் இவ்ளோ சூடு, பன்னி மயிர் பொசுக்கவா?" என்று ஒரு கத்து. அப்புறம் நாற்காலியிலேயே தூங்கிவிட்டார். தூங்கும்போது நன்றாக வலி தெரிகிறது முகத்தில்.

நீ ஜெயித்த முதல் இரண்டு ஆட்டங்களும் இங்கே பேப்பரில் வந்தன. மூலையில் பொடி எழுத்தில்தான். அப்பா கத்தரிக்கோல் எடுத்து வெட்டி, மாவு டப்பாவுக்குப் பின்னால் செருகி வைத்திருக்கிறார். எனக்குத் தெரியாது என்று நினைப்பு. ரொட்டி சுடுகிறவள் நான், மாவு டப்பாவை எடுக்காமல் எப்படி?

அம்மா இல்லாத வீட்டில் ராத்திரிச் சாப்பாட்டுக்கு ரேடியோதான் பேசுகிறது. பன்றி விலை, சர்க்கரை எடுக்கிற பீட் விலை, காற்று எந்தத் திசை. அது முடிந்ததும் அப்பா எழுந்துவிடுவார். சில நாள் பஸ்ஸில் அந்த வாலில்லாத குரங்குகள் போடும் சத்தமே தேவலை என்று இருக்கிறது.

மறுபடி கேட்கிறேன். கை எப்படி இருக்கிறது?

உன் அக்கா,
ஆர்லிஸ்

~

ரெட் கிரீக்
மார்ச் 26, 1979

அன்புள்ள அக்காவுக்கு,

டைப் அடித்த கடிதம் வந்திருக்கிறதே என்று பயந்துவிடாதே. லைப்ரரியில் மெஷின் சும்மா கிடந்தது. உட்கார்ந்துவிட்டேன். நான் சுகம்.

இதுவரை எறிந்த எல்லா ஆட்டமும் ஜெயம். அதனால் இங்கே எல்லோருக்கும் பித்துப் பிடித்திருக்கிறது. கோச் முதல் ஆட்டத்தில் போட்ட காலுறையைத் துவைக்கவே இல்லை. என் தொப்பியை யாரும் தொடக் கூடாதாம். நான் எறிகிற நாளில் பஸ்ஸில் என் பக்கத்து சீட்டு காலி. அதில் என் கையுறை மட்டும் உட்கார்ந்து வரும். ஒக்டாவியோகூட அன்று வாயைத் திறப்பதில்லை. மற்ற நாளெல்லாம் தலைவலி வருகிற அளவு பேசுகிறவன், அன்று என்னைப் பார்த்தால் ஜன்னல் பக்கம் திரும்பிக்கொள்கிறான். மரியாதைதான், தெரியும். ஆனாலும் தூரப் பயணமாக இருந்தால் ஒரு மாதிரி இருக்கிறது.

கம்பி வலைக்குப் பின்னால் இப்போது ஒரு கூட்டமே வருகிறது. பொடியன்கள் கையெழுத்து கேட்கிறார்கள். உன் பஸ் குரங்குகளிடம் சொல்லாதே, கேலி செய்யும்.

பீட் விதைக்கிற வேலைக்கு இந்த முறை வர முடியாது. அப்பாவிடம் சொல்லிவிடு.

வெர்லின்

~

கெரிங்
ஏப்ரல் 8, 1979

அன்புத் தம்பிக்கு,

இங்கே சுகம். நேற்று மறுபடி பனி. ஏப்ரல் மாதம் என்று அதற்கு யாரும் சொல்லவில்லை போலிருக்கிறது.

டைப் அடித்த உன் கடிதத்தை அப்பாவிடம் காட்டினேன். வரி ஆபீஸிலிருந்து ஏதோ வந்துவிட்டது என்று கண்ணாடியைத் தேடினார். படித்ததும் மடித்து மேஜையில் வைத்தார். அப்போது நான் சொன்னேன், "அப்பா, நான் ரெண்டு தடவை கேட்டும் அவன் கையைப் பத்தி ஒண்ணும் எழுதல. இப்போ எழுதுறதையே விட்டுட்டு டைப் அடிக்கிறான். எனக்கென்னமோ சரியாப் படல. ஒரு போன் போட்டுக் கேட்போமா?"

அவ்வளவுதான், அவருக்கு வந்ததே கோபம். "சும்மா இருக்கியா? எல்லா ஆட்டமும் ஜெயிச்சுக்கிட்டு வர்றான். இப்போ போய் கை எப்படி, கால் எப்படின்னு கேட்டுக் கெடுக்கப்போறியா? உங்கம்மா செஞ்சது போதாதா?"

அதைக் கேட்டதும் எனக்குச் சிரிப்பு வந்துவிட்டது. உனக்கு ஞாபகம் இருக்கிறதா? நீ ஹைஸ்கூல் கடைசி வருஷம். கடைசிக்கு முந்தின இன்னிங்ஸ் வரை எதிரணியில் ஒருத்தன்கூட உன் பந்தை அடித்து ஓடவில்லை. அப்படியே முடிந்தால் பந்தெறிகிற பிட்சருக்கு அதைவிடப் பெரிய பெயர் கிடையாது. அந்த மாதிரி நேரத்தில் அவனிடம் பேசக் கூடாது, பக்கத்தில் உட்காரக் கூடாது, அந்தப் பேச்சையே எடுக்கக் கூடாது என்று ஊரில் குழந்தைக்குக்கூடத் தெரியும். நீ பெஞ்சின் கடைக்கோடியில் தனியாக உட்கார்ந்திருந்தாய். ஊரே மூச்சு விடவில்லை. நம் அம்மா எழுந்தாள். கையில் பேப்பர் சுற்றிய, உள்ளே முட்டைக்கோஸ் வைத்துச் சுட்ட கோஸ் பன். விறுவிறுவென்று வேலியோரம் நடந்து போய், கம்பியில் முகத்தை வைத்து, ஊர் முழுக்கக் கேட்கிற மாதிரி, "டேய் கண்ணா, காலையிலேயும் ஒண்ணும் சாப்பிடல, கை வலிக்குதாடா? இந்தா, சூடா இருக்கு!"

அடுத்து வந்தவன் முதல் பந்தையே வேலிக்கு வெளியே அடித்தான். அப்பா ஒரு வாரம் அம்மாவோடு பேசவில்லை. அம்மா அசரவே இல்லை. "என் பிள்ளை, நான் கேட்பேன். அந்தப் பையன் அடிச்சதுக்கு என் பன்னு என்ன பண்ணும்?" என்றாள். நீ அந்த பன்னை அங்கேயே உட்கார்ந்து தின்றாய். அதுவும் எனக்கு ஞாபகம் இருக்கிறது.

சிரித்தாலும் அப்பா சொன்னது மனசில் ஏறிவிட்டது. ஜூன் வரைதானே. என்னால் எதுவும் கெட்டுப்போக வேண்டாம். இனிமேல் அந்தக் கேள்வியைக் கேட்க மாட்டேன்.

உன் அக்கா,
ஆர்லிஸ்

~

(தபால் அட்டை. ஒரு மோட்டலின் படம்.)

ஏப்ரல் 22

அக்கா, கான்ஸஸில் எங்கோ இருக்கிறோம். பஸ் குலுங்குகிறது, எழுத்து கோணல் அதனால்தான். நேற்று ராத்திரி மோட்டலில் என் அறையில் யாரையும் போடவில்லை, இன்றைக்கு நான் எறிகிறேன். டி.வி.யில் ஒரே ஒரு சேனல், அதிலும் வானிலை. அப்பா சொன்னது சரிதான். அம்மாவின் பன் கதையை மறுபடி மறுபடி படித்தேன். உன்னிடம் ஒன்று சொல்ல நினைத்தேன், இடம் இல்லை. சுகம். வெர்லின்.

~

கெரிங்
மே 6, 1979

அன்புத் தம்பிக்கு,

சுகம். நீ சுகமா? (இதற்கு அடுத்து ஒரு கேள்வி வரும், வரவில்லை பார்! வாயைக் கட்டிப்போட்டிருக்கிறேன்.)

பீட் முளைத்துவிட்டது. களை எடுக்க ஆள் தேட வேண்டும். அப்பா காலை இழுத்து இழுத்து நடக்கிறார், நான் பார்க்காத மாதிரி இருக்கிறேன். இந்த வீட்டில் எல்லோரும் எதையோ பார்க்காத மாதிரி இருப்பதில் கெட்டிக்காரர்கள்.

உன் தபால் அட்டையில் பாதி இடம் காலியாக இருந்தது. இடம் இல்லை என்று எழுதியிருக்கிறாய். சரி, போகட்டும்.

பார்சலில் கோஸ் பன் அனுப்பியிருக்கிறேன். வந்து சேர்வதற்குள் கல்லாகியிருக்கும், எதிரணி மேல் எறி. அடுத்த வாரம் லீக்கின் கடைசி ஆட்டம் என்று பேப்பரில் போட்டிருந்தான். அப்பா அதையும் வெட்டிவிட்டார், பின்பக்கம் என் தையல் படம் இருந்தது.

உன் அக்கா,
ஆர்லிஸ்

~

ரெட் கிரீக்
மே 14, 1979

அன்புள்ள அக்காவுக்கு, அப்பாவுக்கும் படித்துக் காட்டு,

நான் சுகம். இதுவும் லைப்ரரி மெஷின்தான். பன் வந்தது. கல்தான், காபியில் நனைத்துச் சாப்பிட்டேன்.

சனிக்கிழமை ஆட்டத்தில் அது நடந்துவிட்டது. ஒன்பது இன்னிங்ஸ் முடியும்வரை ஒருத்தனும் அடிக்கவில்லை. இந்தக் கல்லூரியில் இதற்கு முன்னால் யாரும் செய்ததில்லையாம். முடிந்ததும் எல்லோரும் ஓடி வந்து என் மேல் விழுந்தார்கள்.

நாலாவது இன்னிங்ஸிலிருந்தே பெஞ்சில் என் பக்கம் யாரும் வரவில்லை. தண்ணீர் வாளி என் பக்கத்தில் இருந்தது, யாரும் தண்ணீர்கூடக் குடிக்க வரவில்லை. அவ்வளவு வெயில். கோச் வழக்கமாக இன்னிங்ஸுக்கு இன்னிங்ஸ் வந்து, "எப்படிடா இருக்கு?" என்று கேட்பார். அன்று அந்தக் கோடியில் நின்று மைதானத்தையே பார்த்துக்கொண்டிருந்தார். ஒக்டாவியோ கேட்சர் கவசத்தைக் கழற்றாமல், எனக்கு முதுகைக் காட்டி உட்கார்ந்திருந்தான்.

நான் வேலியைப் பார்த்துக்கொண்டிருந்தேன். வேலியோரம் நிறையப் பேர் நின்றார்கள். யாரும் பெஞ்சுப் பக்கம் வரவில்லை.

ஐந்தாவது இன்னிங்ஸுக்குப் பிறகு ரொம்ப நீளமான ஆட்டமாக இருந்தது. அவ்வளவுதான். அப்பா சந்தோஷப்படுவார்.

வெர்லின்

~

கெரிங்
மே 20, 1979

அடேய் தம்பி!

சுகமெல்லாம் அப்புறம். அப்பா உன் கடிதத்தை இரண்டு தரம் படிக்கச் சொன்னார். அப்புறம் தானே வாங்கிப் படித்தார். அப்புறம் கொட்டகைக்குப் போய்விட்டார். போய்ப் பார்த்தால் மாட்டிடம் சொல்லிக்கொண்டிருக்கிறார், நிஜமாக! அடுத்த நாள் கூட்டுறவுக் கடைக்குப் போய் அங்கே இருந்தவர்கள் எல்லோருக்கும் காபி வாங்கிக் கொடுத்திருக்கிறார். நம் அப்பா! பக்கத்துப் பண்ணை ஜான் ஷ்லேகல் என் பஸ்ஸை நடுரோட்டில் நிறுத்தி, "ஏம்மா, உங்கப்பா ரைன்ஹோல்டுக்கு உடம்பு கிடம்பு சரியில்லையா?" என்று கேட்டார்.

கிளப்காரர்கள் கூப்பிடுவார்கள் என்று போனை இழுத்து அப்பாவின் நாற்காலி பக்கத்தில் வைத்திருக்கிறோம். ஜூன் முதல் வாரம் யாரும் அந்தப் போனைத் தொடக் கூடாது என்று உத்தரவு. களை எடுக்கிற ஆள் கூப்பிட்டால்கூட, "வையி வையி, லைன் பிஸியாயிடும்!" என்று பறக்கிறார்.

எப்போது வருகிறாய்? உன் அறையில் படுக்கை விரித்துவிட்டேன்.

உன் அக்கா,
ஆர்லிஸ்

~

கெரிங்
ஜூன் 12, 1979

அன்புத் தம்பிக்கு,

நீ சுகமா? இரண்டு கடிதம் போட்டும் பதில் இல்லை.

போன் அடிக்கவில்லை. மூன்று நாளும் அப்பா அந்த நாற்காலியிலேயே இருந்தார். மூன்றாம் நாள் சாயங்காலம் எழுந்து போனைப் பழைய இடத்தில் வைத்தார். பேப்பரில் வந்த பட்டியலை நான் தேடிப் பார்த்தேன். உன் லீக்கில் நீ ஜெயித்த பையன்களின் பெயரெல்லாம் இருந்தது.

ஹாஸ்டலுக்குப் போன் போட்டேன். காலி செய்துவிட்டுப் போய்விட்டான் என்றார்கள். எங்கே போனாய்? இந்தக் கடிதம் கல்லூரி விலாசத்துக்குத்தான் போகிறது. யார் கையில் கிடைத்தாலும் அவனிடம் கொடுத்துவிடுங்கள்.

ஆர்லிஸ்

~

ரெட் கிரீக்
ஜூன் 19, 1979

மரியாதைக்குரிய அக்காவுக்கு,

வணக்கம். நீங்களும் உங்கள் தகப்பனாரும் நலமாக இருக்க வேண்டும். என்னை உங்களுக்குத் தெரியாது. நான் வெர்லினின் கேட்சர் ஒக்டாவியோ. உங்கள் கடிதம் கோச் அறையில் கிடந்தது. உறை மேல் "அவசரம்" என்று எழுதியிருந்ததால் நான் எடுத்துப் போய் அவனிடம் கொடுத்தேன். படித்தான், சட்டைப் பையில் வைத்தான். "பதில் போடுடா" என்றேன். "போடுறேன்" என்றான். போட மாட்டான். அதனால் நான் எழுதுகிறேன்.

அவன் இங்கேதான் ஊருக்குள் இருக்கிறான். ஒரு தீவனக் கடைக்கு மேல் அறை எடுத்து, அங்கேயே கல்லாவில் உட்கார்கிறான். மூட்டை தூக்க முடியாது. இடது முழங்கை போய்விட்டது அக்கா. உள்ளே தசைநார் அறுந்துவிட்டதாம். ஒன்றிரண்டு பேருக்கு ஆபரேஷன் செய்திருக்கிறார்களாம், எறிய முடியுமா என்று டாக்டர் வாக்குக் கொடுக்கவில்லை. வீட்டுக்குப் போ என்று எல்லோரும் சொல்லிவிட்டோம். "அப்பா ஊர் முழுக்கக் காபி வாங்கிக் கொடுத்திருக்கார்டா, நான் எந்த மூஞ்சியோட போறது?" என்கிறான்.

எப்போது என்று கேட்பீர்கள். அந்த ஆட்டத்தில்தான். ஐந்தாவது இன்னிங்ஸில் ஒரு வளைபந்து எறிந்தான். மட்டைக்குப் பின்னால் இருந்த எனக்கே அந்தச் சத்தம் கேட்டது போல இருந்தது. முகம் வெளுத்துவிட்டது. பெஞ்சுக்கு வந்து கடைக்கோடியில் உட்கார்ந்தான். நான் ஓரக்கண்ணால் பார்த்தேன். கையைத் தொடைக்கு அடியில் வைத்து அதன் மேல் உட்கார்ந்துகொண்டான்.

ஒரு வார்த்தை கேட்டிருக்கலாம். ஊரில் எல்லோரிடமும் வாயாடுகிற பயல் நான், அன்று திரும்பி உட்கார்ந்துகொண்டேன். பேசினால் அது கெட்டுவிடும் என்று பயம். அதற்கு அப்புறம் நான் வளைபந்து கேட்கவே இல்லை, நேர்ப்பந்துதான். அதுதான் நான் செய்த உதவி! கோச்சுக்கும் சந்தேகம் வந்திருக்கிறது. அவரும் கிட்டே போகவில்லை. கிளப் ஆட்களிடம் கருவி இருந்ததே, வேகம் விழுந்ததை அவர்கள் அப்போதே பார்த்துவிட்டார்கள். எட்டாவது இன்னிங்ஸில் விதைப் பையை மடித்துக்கொண்டு எழுந்து போனார்கள். மைதானம் முழுக்கத் தெரிந்துவிட்டது. அவனைக் கேட்கத்தான் ஆள் இல்லை.

நான் வெள்ளிக்கிழமை ஊருக்குப் போகிறேன். அதற்கப்புறம் இங்கே அவனுக்கு யாரும் இல்லை. விலாசம் கீழே எழுதியிருக்கிறேன்.

மன்னிக்கவும்.
ஒக்டாவியோ

~

கெரிங்
ஜூன் 25, 1979

வெர்லின்,

உன் சிநேகிதன் எழுதிவிட்டான். அவனைத் திட்டாதே. நான் உன்னைத் திட்டப்போகிறேன், அப்புறம் என்னை, அப்புறம் அந்த மைதானத்தில் மரம் மாதிரி நின்ற அத்தனை தடியன்களையும்.

ராத்திரிச் சாப்பாட்டுக்கு அப்புறம் ரேடியோவை அணைத்துவிட்டு அந்தக் கடிதத்தை அப்பாவுக்குப் படித்தேன். "அணைக்காதே, பீட் விலை வரும்" என்றார். "வரட்டும்" என்றேன். படித்து முடித்ததும் ரேடியோ பக்கம் கையை நீட்டினார். எனக்கு எரிச்சல் வந்துவிட்டது. "பார்த்தீங்களாப்பா? கேட்காதே கேட்காதேன்னீங்க. நானும் பெரிய புத்திசாலி மாதிரி வாயை மூடிக்கிட்டேன். அம்மாவா இருந்தா பஸ் ஏறிப் போய் அந்த வேலியைத் தாண்டிக் குதிச்சிருப்பா!" என்று கத்திவிட்டேன்.

அப்பா எழுந்து மாடிக்குப் போனார். நடுப்படியில் நின்றார். காலண்டரைப் படிக்கவில்லை. முதுகைக் காட்டிக்கொண்டே நின்று, "ஆர்லிஸ், பையன் அங்கே தனியாவா இருக்கான்?" என்றார். ஆமாம் என்றேன். "என்ன சாப்பிடுறான், எந்தக் கையால?" என்றார். எனக்கு எப்படித் தெரியும்! அழுகை வந்துவிட்டது. அப்பாவும் அழுதார் வெர்லின். அம்மாவுக்கு அழுததற்கு அப்புறம் இப்போதுதான்.

கீழே இறங்கி வந்து, "அந்தக் காயிதத்தைக் கொண்டா, நானும் ஒரு வரி எழுதணும்" என்றார். பேனா பிடித்து எத்தனை வருஷம் ஆயிற்றோ. ரொம்ப நேரம் உட்கார்ந்திருந்தார். இதோ அவர் எழுதியது:

மகனே. கை எப்படி இருக்கிறது? அப்பா.

~

ரெட் கிரீக்
ஜூலை 1, 1979

அன்புள்ள அப்பாவுக்கு,

வலது கையால் எழுதுகிறேன். ஒன்றாம் வகுப்புப் பிள்ளை எழுத்து மாதிரி இருக்கும், அக்கா கேலி செய்யட்டும்.

உங்கள் கடிதம் வந்தபோது கடையில் ஆள் இருந்தார்கள். மேலே அறைக்குப் போய்ப் படித்தேன். அப்புறம் கீழே வர நேரமாகிவிட்டது.

அன்றைக்குப் பெஞ்சில் யாராவது கேட்டுவிடுவார்களோ என்று பயந்தேன். யாராவது கேட்க மாட்டார்களா என்றும் இருந்தது. அம்மா வருகிற மாதிரி இருந்ததால்தான் வேலியைப் பார்த்தேன். நடந்ததற்கு நீங்கள் காரணம் இல்லை. அக்காவும் இல்லை. ஆனால் கேட்டீர்களே, அது போதும்.

கை வலிக்கிறது அப்பா. கிறிஸ்துமஸுக்கு முன்னாலிருந்தே வலிக்கிறது. ராத்திரியில் ரொம்ப வலிக்கிறது. கரண்டி பிடிக்க முடியவில்லை. வலது கையால் சாப்பிடுகிறேன், பாதி சட்டையில் விழுகிறது.

சனிக்கிழமை பஸ்ஸில் ஏறுகிறேன். களை எடுக்க என்னால் முடியாது, ஆனால் தண்ணீர் பாய்ச்சும்போது வாய்க்காலோரம் உங்களோடு நிற்க முடியும்.

உங்கள் முழங்கால் எப்படி இருக்கிறது? உண்மையைச் சொல்லுங்கள்.

உங்கள் மகன்,
வெர்லின்